இரண்டு பட்டறை, இரண்டு டேட்டாபேஸ்: எங்கே வேறுபடுகிறது என்று பார்க்க எந்தக் கருவி?

கொலுசுக்கணக்கு (செவ்வாய்ப்பேட்டை), திங்கள் இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறது. கடையும் கணக்கும் செவ்வாய்ப்பேட்டையில், பெரிய பட்டறை சிவதாபுரத்தில். அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, அதனால் போன வருடம் முதல் கணக்கை நான் பார்க்கிறேன்.

மென்பொருள் 2014-இல் தெரிந்தவர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. உள்ளே கணக்கைச் சேமித்து வைப்பது மைஎஸ்க்யூஎல் 5.6 டேட்டாபேஸ். எழுதியவர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். எந்த டேபிள் எதற்கு என்று ஒரு காகிதம்கூட இல்லை. மொத்தம் 61 டேபிள். மூன்று வருடத்துக்கு முன்பு இதையே டம்ப் (மொத்தத்தையும் ஒரு ஃபைலாக) எடுத்துச் சிவதாபுரம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டும் தனித்தனியாக ஓடுகின்றன. ஒவ்வொரு இடத்திலும் அவரவர் தேவைக்கு ஆள் வைத்து டேபிள்களில் ஃபீல்டுகளை, அதாவது பத்திகளை, சேர்த்திருக்கிறார்கள்.

பிரச்சினை இதுதான். பட்டறைக்காரர்களுக்கு வெள்ளி கொடுக்கிறோம், கொலுசாக வாங்குகிறோம், சேதாரம் கழிக்கிறோம். இரண்டு இடத்துக் கணக்கையும் எக்ஸெலில் சேர்த்துப் பார்த்தால், பட்டறைக்காரர்களிடம் இருக்கவேண்டிய வெள்ளி அவர்கள் எடை போட்டுக் காட்டுவதைவிட 214.260 கிராம் அதிகமாக வருகிறது. யாரும் எடுத்திருக்க மாட்டார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவோடு இருபது வருடமாக வேலை செய்பவர்கள். அவர்கள்மேல் ஒரு பேச்சு வருவதற்குள் தவறு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும்.

டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் குவெரி எழுத ஒரு கருவி, டேபிள்களைப் படமாகப் பார்க்க ஒரு கருவி, இரண்டு டேட்டாபேஸையும் ஒப்பிட ஒரு கருவி வேண்டும். ஒரே கருவி எல்லாம் செய்தாலும் சரி. எக்ஸெல் நன்றாகத் தெரியும், குவெரி எழுதும் எஸ்க்யூஎல் மொழி ஓரளவு தெரியும்.

மிளகுக்கொடி (ஏற்காடு), திங்கள் இரவு 10:25

தங்கச்சி, கருவியைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் இரண்டு இடத்திலும் முழு பேக்கப் எடுத்து ஒரு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். பிறகு வேறொரு கம்ப்யூட்டரில் மைஎஸ்க்யூஎல் போட்டு, அந்த நகல்களை மட்டும் தொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் எந்த ஒப்பீட்டுக் கருவியையும் இணைக்க வேண்டாம். எதற்காகவாவது இணைத்தே தீரவேண்டும் என்றால், செலக்ட் (படிக்கும்) உரிமை மட்டும் உள்ள ஒரு யூசரை உருவாக்கி அதன் வழியாகப் போங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நாங்கள் சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்து காபிப் பழம் வாங்குகிறோம். எடை போடும் இடம் ஒன்று, காயவைக்கும் களம் ஒன்று. பார்ச்மென்ட் காபியின் (பழத்தோல் நீக்கி உள்ஓட்டோடு இருக்கும் கொட்டை) ஈரப்பதம் 10 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்தால்தான் மூட்டை கட்டுவோம், அதனால் ஈரப்பதக் குறிப்பு எங்களுக்கு உயிர். ஓர் இடத்தில் ‘ஈரம்’ என்று இருந்த ஃபீல்டை ‘ஈரப்பதம்’ என்று பெயர் மாற்றியிருந்தோம். ஸ்கீமாவை (டேபிள்களின் அமைப்பை) ஒப்பிடும் கருவிக்குப் பெயர் மாற்றம் புரியாது. பழைய ஃபீல்டு இல்லை, புதிய ஃபீல்டு ஒன்று வந்திருக்கிறது என்றுதான் அது பார்க்கும். ‘ஈரம்’ ஃபீல்டை நீக்கு, ‘ஈரப்பதம்’ ஃபீல்டைச் சேர் என்று ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தது. படிக்காமல் ஓட்டினேன். ஒரு பருவத்தின் ஈரப்பதக் குறிப்பு முழுவதும் போய்விட்டது.

ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திரும்பலாமே என்று தோன்றும். மைஎஸ்க்யூஎல்லில் அமைப்பை மாற்றும் ‘ஆல்டர் டேபிள்’ கட்டளை ஓடிய அந்த நொடியே அதுவரை செய்தது எல்லாம் கமிட் (நிரந்தரம்) ஆகிவிடும், திரும்ப வழியில்லை. ஒன்பது நாள் பழைய பேக்கப்பை ஏற்றி, மீதியை நோட்டுப் புத்தகத்திலிருந்து நானும் மனைவியும் இரவெல்லாம் உட்கார்ந்து தட்டச்சு செய்தோம். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளைகளையும் பிகின் போட்டு ஆரம்பித்து ரோல்பேக் செய்யலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே அடுத்த மென்பொருளைப் போஸ்ட்கிரெஸில் எழுதச் சொன்னேன்.

அஸ்தம்பட்டி டீச்சர், செவ்வாய் காலை 6:15

மிளகுக்கொடி சார் சொன்னதைச் செய்துவிட்டு இதைப் படியுங்கள். நான் கல்லூரியில் டேட்டாபேஸ் பாடம் எடுக்கிறேன்.

ஒப்பிடுவது என்று ஒரே சொல்லில் சொல்கிறோம், அதற்குள் இரண்டு வேலை இருக்கிறது. டேபிள்களின் அமைப்பை ஒப்பிடுவது ஒன்று, உள்ளே இருக்கும் ரெக்கார்டுகளை ஒப்பிடுவது இன்னொன்று. அமைப்பு ஒன்றாகாமல் ரெக்கார்டை ஒப்பிட்டால் கருவி தப்பும் தவறுமாகத்தான் சொல்லும். அதனால் அமைப்பிலிருந்து தொடங்குங்கள்.

அதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளையில் ‘நோ டேட்டா’ என்ற தெரிவைப் போட்டால் அமைப்பு மட்டும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக வரும். ‘ஸ்கிப் கமெண்ட்ஸ்’ தெரிவையும் சேருங்கள், இல்லாவிட்டால் டம்ப் எடுத்த தேதிகூட வேறுபாடாகத் தெரியும். இரண்டு ஃபைலையும் வின்மெர்ஜில் பக்கத்தில் பக்கத்தில் திறந்தால் வேறுபட்ட இடங்கள் நிறத்தோடு நிற்கும். ஒன்று கவனியுங்கள்: ஒவ்வொரு டேபிளின் கடைசியிலும் ஆட்டோ இன்கிரிமென்ட் (ரெக்கார்டுக்குத் தானாக விழும் வரிசை எண்) எவ்வளவு வரை வந்திருக்கிறது என்ற எண் இருக்கும். இரண்டு இடத்திலும் அது வேறுதான், அதை வேறுபாடாக எண்ண வேண்டாம். நோட்பேடில் தேடி அழித்துவிட்டு ஒப்பிட்டால் கண்ணுக்குச் சுலபம்.

குவெரிக்கு ஹெய்டிஎஸ்க்யூஎல் போதும். விண்டோஸில் லேசாக ஓடும், இலவசம், மைஎஸ்க்யூஎல்லுக்கு என்றே பிறந்தது. படத்துக்கு மைஎஸ்க்யூஎல் வொர்க்பெஞ்சில் ‘ரிவர்ஸ் இன்ஜினியர்’ என்று ஒரு வசதி உண்டு. இருக்கும் டேட்டாபேஸைப் படித்து ஈஆர் படம் வரைந்து தரும். டேபிளைப் பெட்டியாகவும் உறவைக் கோடாகவும் வரையும் பழக்கத்துக்கு அடிப்படை பீட்டர் சென் 1976-இல் எழுதிய கட்டுரை. எட்கர் காட் ரிலேஷனல் மாடலை (டேட்டாவை டேபிள்களாக வைக்கும் முறையை) முன்வைத்தது 1970-இல். அதை ஆறே வருடத்தில் கண்ணால் பார்க்கும்படி செய்தார் சென். மாணவர்களுக்கு இதைச் சொல்லாமல் நான் பாடத்தைத் தொடங்குவதே இல்லை.

ஜங்ஷன் டெவலப்பர், செவ்வாய் காலை 10:50

மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: விஷுவல் ஸ்டூடியோவின் இலவசக் கம்யூனிட்டி பதிப்பில் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டா டூல்ஸைச் சேர்த்துக்கொண்டால் ஸ்கீமா கம்பேர், டேட்டா கம்பேர் இரண்டும் கிடைக்கும். நன்றாக இருக்கும். இந்தக் கேள்வி மைஎஸ்க்யூஎல் பற்றியது, அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மைஎஸ்க்யூஎல்லுக்கு என் வாக்கு டிபீவர் என்ற கருவிக்கு. நாளைக்கு மிளகுக்கொடி அண்ணா மாதிரி போஸ்ட்கிரெஸுக்கு மாறினாலும் அதே கருவியோடு போகலாம். இணைப்பு ஒவ்வொன்றுக்கும் சோதனை, நிஜம் என்று வகை பிரித்து நிறம் கொடுக்கலாம். நிஜ டேட்டாபேஸுக்குச் சிவப்பு வையுங்கள், ஆட்டோ கமிட்டையும் (கட்டளை ஓடியதும் தானாக நிரந்தரமாவதை) அணைத்து வையுங்கள். இரண்டு ஜன்னல் ஒரே மாதிரி திறந்திருக்கும்போதுதான் டெலிட் கட்டளை தவறான இடத்தில் ஓடும். ஹெய்டியிலும் ஒவ்வொரு செஷனுக்கும் பின்னணி நிறம் மாற்றலாம்.

கொலுசுக்கணக்கு, புதன் இரவு 8:30

டீச்சர், அண்ணா, ரொம்ப நன்றி. பேக்கப் எடுத்தேன், தம்பியின் லேப்டாப்பில் இரண்டையும் ஏற்றிவிட்டேன். வின்மெர்ஜில் பார்த்தபோது 61-இல் 14 டேபிள் வேறுபட்டன. சிவதாபுரத்தில் ‘டச்’ (வெள்ளியின் தரம்) ஃபீல்டு இரண்டு டேபிளில் கூடுதலாக இருக்கிறது, 70 டச், 80 டச் என்று பிரித்து எழுத அங்கே சேர்த்திருக்கிறார்கள். இங்கே பில் டேபிளில் ஜிஎஸ்டிக்காக நான்கு ஃபீல்டு கூடுதல். அதுவரை சரி.

ஆனால் வொர்க்பெஞ்சில் படம் எடுத்தால் 61 பெட்டி வருகிறது, ஒரு கோடுகூட இல்லை. ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் சம்பந்தமே இல்லாதது போல நிற்கின்றன. நான் ஏதாவது தவறாகச் செய்கிறேனா?

ஜங்ஷன் டெவலப்பர், புதன் இரவு 9:05

நீங்கள் செய்தது சரிதான். படம் கோடு போடுவது ஃபாரின் கீயை, அதாவது ஒரு டேபிளின் ஃபீல்டு இன்னொரு டேபிளைக் குறிக்கிறது என்ற விதியை, பார்த்து. உங்கள் டேட்டாபேஸில் ஃபாரின் கீ இல்லை. டம்ப் ஃபைலில் ஒவ்வொரு டேபிளின் கடைசி வரியையும் பாருங்கள், இன்ஜின் (டேபிளைச் சேமிக்கும் முறை) மைஐசாம் என்று இருக்கிறதா?

கொலுசுக்கணக்கு, புதன் இரவு 9:12

ஆமாம், 61-உம் மைஐசாம்.

ஜங்ஷன் டெவலப்பர், புதன் இரவு 9:40

அதுதான் காரணம். மைஐசாம் டேபிளில் ஃபாரின் கீ எழுதினாலும் மைஎஸ்க்யூஎல் பிழை சொல்லாமல் வாங்கிக்கொள்ளும், ஆனால் அதை வைத்துக்கொள்ளாது, காக்கவும் செய்யாது. 5.5 பதிப்பிலிருந்தே இன்னோடிபி என்ற இன்ஜின்தான் இயல்பாக வரும். உங்களுக்கு எழுதியவர் பழைய பழக்கத்தில் மைஐசாமைக் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

உறவுகள் மென்பொருளின் நிரலுக்குள் இருக்கின்றன, டேட்டாபேஸுக்குத் தெரியாது. நீங்கள்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ‘இன்ஃபர்மேஷன் ஸ்கீமா’ என்று ஒன்று உள்ளேயே இருக்கிறது, அதில் ‘காலம்ஸ்’ டேபிளில் எல்லா ஃபீல்டுகளின் பட்டியலும் இருக்கும். ஒரே ஃபீல்டு பெயர் எந்தெந்த டேபிளில் வருகிறது என்று அங்கே குரூப் செய்து பாருங்கள். பட்டறைக்காரர் எண் ஏழு டேபிளில் வந்தால் அந்த ஏழும் ஒரு குடும்பம். பிறகு டிபீவரில் ‘விர்ச்சுவல் ஃபாரின் கீ’ என்று உருவாக்கலாம். அது டேட்டாபேஸைத் தொடாது, டிபீவரின் நினைவில் மட்டும் இருக்கும், படத்தில் கோடு விழும்.

அஸ்தம்பட்டி டீச்சர், புதன் இரவு 10:10

கோடுகள் விழுந்ததும் அந்தப் படத்தை ஏ3 தாளில் அச்செடுங்கள் அம்மா. உங்கள் கடையில் பல வருடமாகக் கணக்கு எழுதுபவர் ஒருவர் இருப்பார் இல்லையா, அவர் முன்னால் விரித்து வைத்து, வெள்ளி உள்ளே வருவதிலிருந்து கொலுசு வெளியே போவது வரை விரலை வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். எந்தக் கருவியாலும் சொல்ல முடியாதது அப்போது வெளியே வரும். ‘இந்தச் சீட்டை எழுதிவிட்டு ஏரியா பெயரையும் அதில் போடுவோம்’ என்று சாதாரணமாக ஒரு வார்த்தை சொல்வார், அதில்தான் விஷயம் இருக்கும்.

கொலுசுக்கணக்கு, வெள்ளி இரவு 11:20

டீச்சர் சொன்னது அப்படியே நடந்தது. எங்கள் கணக்குப்பிள்ளை தாத்தாவுக்கு 70 வயது. கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். படத்தைப் பார்த்ததும் அரைமணி நேரத்தில் எல்லா டேபிளையும் அடையாளம் சொல்லிவிட்டார். பெட்டிக்குப் பெட்டி பென்சிலில் எழுதிக்கொண்டேன். ‘இருப்பு ரிப்போர்ட்’ பட்டறைக்காரர் எண்ணை வைத்துச் சேர்வதில்லை, ஏரியா பெயரையும் ஆள் பெயரையும் வைத்துச் சேர்கிறது என்பது அவர் சொல்லித்தான் தெரிந்தது. 2014-க்கு முன்பு சீட்டில் எண் போடும் வழக்கமே இல்லையாம்.

அதனால் இப்படி ஒரு குவெரி எழுதினேன்: வரவுச் சீட்டு டேபிளை ஏரியா டேபிளோடு லெஃப்ட் ஜாயின் செய்து (பொருந்தாத சீட்டையும் விடாமல் இணைத்து), ஏரியா கிடைக்காத சீட்டுகளை மட்டும் காட்டு. சிவதாபுரம் பக்கத்தில் 9 சீட்டு வந்தது. ஒன்பதும் கொண்டலாம்பட்டி! மொத்தம் 203.850 கிராம்!

ஆனால் ஏரியா டேபிளிலும் கொண்டலாம்பட்டி இருக்கிறது. சீட்டிலும் கொண்டலாம்பட்டி இருக்கிறது. இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன், முன்னால் பின்னால் இடைவெளி எதுவும் இல்லை. ஒரே சொல் எப்படிப் பொருந்தாமல் போகும்?

ஜங்ஷன் டெவலப்பர், வெள்ளி இரவு 11:45

தூங்க வேண்டாம், இதை மட்டும் பாருங்கள். இரண்டு இடத்திலிருந்தும் அந்தப் பெயரை எடுத்து ‘லெங்த்’ ஃபங்ஷனும் ‘சார் லெங்த்’ ஃபங்ஷனும் போடுங்கள்.

கொலுசுக்கணக்கு, வெள்ளி இரவு 11:58

ஏரியா டேபிளில் 42, 14. அந்த ஒன்பது சீட்டில் 45, 15.

ஜங்ஷன் டெவலப்பர், சனி காலை 12:20

கிடைத்துவிட்டது. யூனிகோடில் நம் எழுத்துகள் எப்படி நிற்கின்றன என்று கொஞ்சம் விளக்குகிறேன், தமிழில் டேட்டா வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தேவைப்படும்.

‘சேலம்’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. டேட்டாபேஸுக்கு ஐந்து: ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி. ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் எடுக்கும், ஆக 15 பைட். லெங்த் சொல்வது பைட், சார் லெங்த் சொல்வது குறிகளின் எண்ணிக்கை. பெயர் ஃபீல்டுக்கு 30 என்று அளவு வைத்துவிட்டுத் தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்படுகிறதே என்று பலர் குழம்புவது இதனால்தான்.

இப்போது ‘கொ’. ககரத்துக்குப் பின் ஒகரக் குறி என்று ஒரே குறியாக எழுதலாம். ககரத்துக்குப் பின் எகரக் குறி (ஒற்றைக் கொம்பு), அதன்பின் கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே ‘கொ’. யூனிகோடும் இரண்டும் சமம் என்றுதான் சொல்கிறது. ஆனால் மைஎஸ்க்யூஎல் தானாக அவற்றை ஒன்றாக்காது. பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போதோ, சில விசைப்பலகைகளில் அடிக்கும்போதோ இரண்டாவது வகை உள்ளே வரும். உங்கள் கொண்டலாம்பட்டியில் ஒரு குறி கூடி 15 ஆனது அதனால்தான். ரிப்போர்ட்டின் ஜாயினில் அந்த ஒன்பது சீட்டும் சத்தமில்லாமல் விழுந்துவிட்டன. வரவு குறைந்தது, அதனால் ஆட்கள் பெயரில் இருப்பு கூடித் தெரிந்தது.

திருத்த, நகலில் முதலில் ரிப்ளேஸ் ஃபங்ஷன் வைத்து ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்து வரும் இடத்தை ஒகரக் குறியாகவும், இரட்டைக் கொம்பும் காலும் சேர்ந்து வரும் இடத்தை ஓகாரக் குறியாகவும் மாற்றுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் இதற்கென்று தனி ஃபங்ஷன் இல்லை. போஸ்ட்கிரெஸில் 13-ஆம் பதிப்பிலிருந்து ‘நார்மலைஸ்’ இருக்கிறது. பைத்தான் தெரிந்தால் அதிலும் ஒரே வரிதான்.

இளம்பிள்ளைத் தறி, சனி காலை 7:30

படிக்கப் படிக்க எங்கள் கணக்கே கண்முன் வருகிறது. எங்களிடம் ‘தொளசம்பட்டி’ இப்படித்தான் ரிப்போர்ட்டில் இரண்டு வரியாக வந்துகொண்டிருந்தது. தட்டச்சுப் பிழை என்று நினைத்து மாதாமாதம் கையால் சேர்த்துக்கொண்டிருந்தோம். இன்று மாலை லெங்த் போட்டுப் பார்க்கிறேன்.

மிளகுக்கொடி (ஏற்காடு), சனி காலை 9:00

தங்கச்சி, இன்னும் பத்து கிராம் சொச்சம் பாக்கி இருக்கிறதே. எக்ஸெலில் இரண்டையும் சேர்த்தேன் என்று முதலில் எழுதியிருந்தீர்கள். சேர்த்தபோது இரட்டிப்பு வரிகளை நீக்கும் ‘ரிமூவ் டூப்ளிகேட்ஸ்’ போட்டீர்களா? போட்டிருந்தால் எந்த ஃபீல்டை வைத்து?

கொலுசுக்கணக்கு, சனி காலை 9:35

போட்டேன் அண்ணா. சீட்டு எண்ணை வைத்து. நகல் எடுத்த காலத்துப் பழைய சீட்டுகள் இரண்டு இடத்திலும் இருக்குமே என்று.

மிளகுக்கொடி (ஏற்காடு), சனி காலை 10:10

அங்கேதான் போயிருக்கும். இரண்டு டேட்டாபேஸும் ஒரே எண்ணிலிருந்து மேலே எண்ணத் தொடங்கின. நகல் எடுத்த நாளுக்குப் பிறகு இரண்டு இடத்திலும் ஒரே எண்ணில் வெவ்வேறு சீட்டு இருக்கும்.

லேப்டாப்பில் இரண்டையும் ஒரே சர்வரில் இரண்டு பெயரில் ஏற்றியிருக்கிறீர்கள் அல்லவா? மைஎஸ்க்யூஎல்லில் டேட்டாபேஸ் பெயர், புள்ளி, டேபிள் பெயர் என்று எழுதி இரண்டுக்கும் நடுவே நேராக ஜாயின் செய்யலாம். ஒரே சீட்டு எண், ஆனால் தேதியோ ஆளோ எடையோ வேறு என்று கேளுங்கள். காலியாக இருக்கும் ஃபீல்டைச் சாதாரணச் சமக்குறியாலோ ‘சமமில்லை’ குறியாலோ ஒப்பிட்டால் விடை வராது, காலி என்பதைக் குறிக்கும் ‘நல்’ எதற்கும் சமமும் இல்லை, வேறும் இல்லை. மைஎஸ்க்யூஎல்லில் அதற்காகவே சிறிது, சமம், பெரிது மூன்று குறியும் சேர்ந்த ஒரு குறி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். லேப்டாப்பில் போட்டது 8.0.31 அல்லது அதற்கு மேல் என்றால் ‘எக்ஸெப்ட்’ கட்டளையும் உண்டு. அ-வில் இருந்து ஆ-வைக் கழித்தது, ஆ-வில் இருந்து அ-வைக் கழித்தது என்று இரண்டு திசையிலும் ஓட்ட வேண்டும். ஒரு திசையோடு நிறுத்தினால் பாதிதான் தெரியும்.

எங்களுக்கு மலையில் மழைக்காலத்தில் நெட் நாள் கணக்கில் இருக்காது. முன்பெல்லாம் ஹார்ட் டிஸ்கைப் பையில் போட்டு 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கிச் சேலம் வந்து சேர்ப்பேன். அப்போது இதே எண் சிக்கல்தான். பிறகு மைஎஸ்க்யூஎல் அமைப்பில் ‘ஆட்டோ இன்கிரிமென்ட் இன்கிரிமென்ட்’ என்பதை 2 ஆக்கி, மேலே ஒற்றைப்படை, கீழே இரட்டைப்படை என்று ‘ஆஃப்செட்’ வைத்தோம். அதற்குப் பிறகு எண் மோதியதே இல்லை.

கொலுசுக்கணக்கு, சனி மதியம் 1:15

நகலுக்குப் பிறகு எண் மோதிய சீட்டுகள் ஆயிரக்கணக்கில் வந்தன. அவ்வளவையும் எக்ஸெல் நீக்கியிருந்தால் வித்தியாசம் கிலோ கணக்கில் போயிருக்குமே என்று பயந்துவிட்டேன். பார்த்தால், சிவதாபுரத்தில் சீட்டு எண்ணுக்கு முன்னால் ‘சி’ என்ற எழுத்தை மென்பொருளே சேர்க்கிறது, அதனால் எக்ஸெலில் மோதவில்லை. மென்பொருள் ஓடாத ஒரு நாள் யாரோ டேபிளிலேயே நேராக ஏற்றிய ஒரே ஒரு சீட்டில் ‘சி’ இல்லை. அது மட்டும் நீங்கியிருக்கிறது. 10.400 கிராம்.

203.850, 10.400. ஆக 214.250. இன்னும் 10 மில்லிகிராம் நிற்கிறது. அப்பா அது போதும், தராசு அவ்வளவு ஆடும் என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அஸ்தம்பட்டி டீச்சர், சனி மாலை 4:50

மனசு கேட்காமல் இருப்பது நல்லது அம்மா. எடை ஃபீல்டின் வகை என்ன என்று பாருங்கள். ஃபுளோட் என்று இருந்தால் விடை அங்கேயே இருக்கிறது.

கொலுசுக்கணக்கு, சனி மாலை 5:05

சீட்டில் எடை டெசிமல். ஆனால் ஆள்வாரி இருப்பு டேபிளில் ஃபுளோட்.

அஸ்தம்பட்டி டீச்சர், சனி இரவு 8:40

நினைத்தேன். ஃபுளோட் 4 பைட்டில் எண்ணை இரண்டடிமான (0, 1 மட்டும் உள்ள) முறையில் வைக்கிறது. எண் பெரிதாகப் பெரிதாக அடுத்தடுத்து எழுதக்கூடிய இரண்டு எண்களுக்கு இடையே இடைவெளி கூடும். 16,384-ஐத் தாண்டினால் அந்த இடைவெளி ஏறக்குறைய 0.002. கிராமில் வைத்தால் 2 மில்லிகிராம். ஒரு 30 கிலோ வெள்ளிப் பாளத்தோடு சில்லறை சேர்த்து 30012.437 கிராம் என்று எழுதினால், உள்ளே 30012.4375 என்றுதான் நிற்கும்.

இதைவிடப் பெரியது இன்னொன்று. மைஎஸ்க்யூஎல் ஃபுளோட்டைக் காட்டும்போது 6 இலக்கத்தோடு நிறுத்திவிடும். திரையில் 30012.4 என்று தெரியும். டம்ப் எடுக்கும்போதும் காட்டுவதைத்தான் எழுதும். மூன்று வருடத்துக்கு முன் டம்ப் எடுத்து ஏற்றிய அன்றே சிவதாபுரத்தின் ஆரம்ப இருப்புகள் எல்லாம் மழுங்கிவிட்டன. ஒரு ஆளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் மேலோ கீழோ. மொத்தம் 10 வந்திருப்பதில் வியப்பில்லை. ‘டபிள்’ வகைக்கு மாற்றிக் காட்டச் சொன்னால் செவ்வாய்ப்பேட்டையில் உள்ளே இருக்கும் எண் எல்லாத் தசமத்தோடும் தெரியும், இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

என் கருத்தில் அந்த இருப்பு டேபிளே வேண்டாம். இருப்பு என்பது கொடுத்ததில் வாங்கியதும் சேதாரமும் கழித்தது. சீட்டுகள் சரியாக இருந்தால் எந்த நேரமும் கணக்கிட்டுக்கொள்ளலாம். கணக்கிட்டு வரக்கூடிய ஒன்றைத் தனியாக எழுதியும் வைத்தால், ஒரு நாள் இரண்டும் வேறு சொல்லும்.

இளம்பிள்ளைத் தறி, சனி இரவு 9:20

டீச்சர், மன்னிக்கணும், இதில் எனக்கு வேறு அனுபவம். எங்கள் தறிக் கணக்கில் பாவு, ஊடை நூல், கூலி எல்லாம் சேர்த்து ஆறு லட்சம் ரெக்கார்டு. ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்து கூட்டினால் சனிக்கிழமை கூலி நாளில் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். இருப்பை எழுதி வைத்தால்தான் வேலை நடக்கிறது.

அஸ்தம்பட்டி டீச்சர், சனி இரவு 9:55

உங்கள் அவசரம் புரிகிறது. குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் ‘எக்ஸ்ப்ளெயின்’ போட்டுப் பார்த்தீர்களா? ஆள் எண்ணும் தேதியும் சேர்ந்த ஒரு இண்டெக்ஸ் இருந்தால் மைஎஸ்க்யூஎல் ஆறு லட்சத்தையும் படிக்காது, அந்த ஒரு ஆளின் சீட்டுகளை மட்டும் படிக்கும். அது சில நூறுதான் இருக்கும்.

அப்படியும் போதவில்லை என்றால் நம் கணக்குப்பிள்ளைகள் காலங்காலமாகச் செய்ததைச் செய்யுங்கள். வருடம் முடிந்ததும் இருப்பு கட்டி, அதையே புதுக்கணக்கின் முதல் வரவாக எழுதுவார்கள். அது ஒரு சீட்டு, தேதியோடு இருக்கும், யாரும் மேலே எழுதி மாற்ற மாட்டார்கள். மாதம் ஒரு முறை அப்படி ஒரு முடிவுச் சீட்டு போடுங்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் மாறிக்கொண்டே இருக்கும் ‘இருப்பு’ ஃபீல்டைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

இளம்பிள்ளைத் தறி, ஞாயிறு மதியம் 12:40

இண்டெக்ஸ் சேர்த்தேன். 11 விநாடி எடுத்த குவெரி இப்போது கண் இமைப்பதற்குள் வருகிறது. மாத முடிவுச் சீட்டையும் போடப் போகிறேன். தொளசம்பட்டியும் ‘தொ’ சிக்கல்தான்.

ஜங்ஷன் டெவலப்பர், ஞாயிறு மாலை 6:00

கொலுசுக்கணக்கு, இனி இரண்டையும் சேர்த்துப் புதிதாக வடிவமைக்கும்போது, படத்தை வொர்க்பெஞ்ச் ஃபைலாக மட்டும் வைக்க வேண்டாம். டிபிஎம்எல் என்று டேபிள்களை எளிய எழுத்தில் விவரிக்கும் ஒரு முறை இருக்கிறது, அதிலிருந்து படமும் வரும், கிரியேட் டேபிள் கட்டளையும் வரும். டெக்ஸ்ட் என்பதால் மாற்றங்களைப் பதிவு செய்யும் ‘கிட்’ மென்பொருளில் வைக்கலாம், யார் எப்போது எந்த ஃபீல்டைச் சேர்த்தார்கள் என்பது தெரியும். எல்லா டேபிளும் இன்னோடிபி, எடை எல்லாம் டெசிமல் மூன்று தசமம், எழுத்து யுடிஎஃப்8எம்பி4. ஃபாரின் கீ போடும் முன்பு லெஃப்ட் ஜாயினில் அநாதைச் சீட்டு (ஜோடி கிடைக்காதது) ஏதும் இல்லை என்று ஒவ்வொரு உறவுக்கும் பார்த்துவிடுங்கள், இருந்தால் மைஎஸ்க்யூஎல் ஏற்காது. 5.6-க்கு 2021 பிப்ரவரியோடு ஆதரவு முடிந்துவிட்டது, பதிப்பையும் அப்போதே உயர்த்திவிடுங்கள்.

கொலுசுக்கணக்கு, அடுத்த வியாழன் இரவு 9:15

எல்லோரும் கேட்டிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன். டபிளுக்கு மாற்றிப் பார்த்ததில் டீச்சர் சொன்னது சரி, ஆரம்ப இருப்பிலேயே 37 ஆட்களுக்கு மில்லிகிராம் வித்தியாசம், கூட்டினால் சரியாக 0.010. அப்பாவிடமும் கணக்குப்பிள்ளை தாத்தாவிடமும் தாளில் எழுதிக் காட்டினேன். தாத்தா ஒவ்வொரு சீட்டாகப் பழைய நோட்டோடு டிக் அடித்தார். பிறகு அப்பாவே சிவதாபுரம் போய் எல்லோர் முன்னாலும் ‘தவறு எங்கள் கணக்கில்’ என்று சொல்லிவிட்டு வந்தார்.

புதிய வடிவமைப்பை டிபிஎம்எல்லில் எழுதிக்கொண்டிருக்கிறேன், 61 டேபிள் 38 ஆகியிருக்கிறது. அது முடியும்வரை மிளகுக்கொடி அண்ணா சொன்னபடி ஒற்றைப்படை சிவதாபுரத்துக்கு, இரட்டைப்படை கடைக்கு. இன்று காலை முதல் ஓடுகிறது. கடையின் முதல் சீட்டு எண் 80002, கொண்டலாம்பட்டி ஆளுக்குத்தான்.

ஜங்ஷன் டெவலப்பர், வியாழன் இரவு 9:30

லெங்த்?

கொலுசுக்கணக்கு, வியாழன் இரவு 9:32

42.